தாயைப் பிரியாத ஒட்டு

போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் சந்தூர். மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்து நாற்றங்கால்களில் மாவை ஒட்டுவதற்கு இரண்டு வழிகள் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்று, தாய்மரத்திலிருந்து பென்சில் பருமனுக்கு ஒரு குச்சியை வெட்டியெடுத்து, அடியை ஆப்புப் போலச் சீவி, கொட்டையிலிருந்து முளைத்த இளங்கன்றின் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவது. குச்சிக்கு அப்போது வேர் கிடையாது, நீர் கிடையாது. கன்றோடு ஒட்டிப் பிடிக்கும்வரை அது தன்னிடம் இருக்கும் ஈரத்தை வைத்தே உயிர் தரிக்க வேண்டும். கன்று செழிப்பாக இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் கருகும்.

மற்றது பழைய வழி, நெருக்கு ஒட்டு. தொட்டியில் இருக்கும் கன்றைத் தூக்கிக்கொண்டு தாய்மரத்திடம் போவார்கள். பரண் கட்டி, தொட்டியைக் கிளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கன்றின் தண்டிலும் மரத்தின் கிளையிலும் ஒரே நீளத்துக்குப் பட்டையைச் சீவி, இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்துக் கட்டுவார்கள். கிளை இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. தாயிடம் பால் குடித்துக்கொண்டே புதிய இடத்தோடு உறவு பிடிக்கிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து, நன்றாகப் பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு, தாய்ப்பக்கத்தை அறுப்பார்கள்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பெரிய துறையின் பாதி இந்த இரண்டு வழிகளுக்குள் அடங்கிவிடும். முதல் வழிக்கு மருத்துவர் வைத்திருக்கும் பெயரே ‘தோல் ஒட்டு’. தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் பரப்புவது. இரண்டாவதற்குப் பெயர் ‘மடல்’. தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் ரத்தம் வரும் தண்டோடு சேர்த்துக் கிளப்பி, தண்டை அறுக்காமல் திருப்பிப் போடுவது. இந்த அத்தியாயம் அப்படி ஒரு மடலைப் பற்றியது. கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து எடுக்கப்படுவது, பெயர் சூரல் தமனி மடல். லத்தீனில் ‘சூரா’ என்றால் கெண்டைக்கால். நாம் அந்தச் சதைக்குக் கெண்டை மீனின் பெயரை வைத்தோம், உருண்டு நீண்டு வாலருகே மெலியும் அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். இந்த மடலுக்கு வேண்டிய உடற்கூறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது: மேலே சதை திரண்டிருக்கிறது, கீழே வாலாக மெலிந்து ஒன்றுமில்லாமல் போகிறது.

அந்த ‘ஒன்றுமில்லாத’ இடத்தை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே உட்பக்கம் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்பு. நடுவில் சதையே இல்லை. கணுக்காலை நெருங்க நெருங்க, பின்பக்கமும் சதை தீர்ந்து வெறும் நாண்களாகிவிடுகிறது. குதிகாலுக்கு மேலே கயிறு போலத் தட்டுப்படுவது அவற்றில் பெரியது. தொடை எலும்பு உடைந்தால் அதைச் சுற்றி ஒரு படி சதை இருக்கிறது. கீழ்க்கால் எலும்பு உடைந்தால் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலையில் கீழ்க்கால் எலும்பு வெளியே எட்டிப் பார்ப்பது புதிய செய்தி அல்ல. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, பின்னாலேயே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்தன. இப்போது போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ். சென்னையிலிருந்து வரும் சாலையும் சேலத்திலிருந்து வரும் சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்ந்து பெங்களூரை நோக்கி ஒன்றாகப் போகின்றன. அதே தாரில் நாற்பது டன் கிரானைட் லாரியும், ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்ஸும், ரோஜாக் கூடையை ஏற்றிய மொபெட்டும் ஓடுகின்றன. சாலையை விட்டுவிட்டாலும் காலுக்கு ஆபத்து தீராது. கல் குவாரியில் பாளம் சரியும். கிடங்கில் ஃபோர்க்லிப்ட் பாதத்தின் மேல் ஏறும். பைக்கில் பின்னால் உட்கார்ந்த பிள்ளையின் குதிகால் ஸ்போக்கில் மாட்டும். வயலில் கண்ணாடி விரியன் கடித்த இடத்துச் சதை அழுகும். சர்க்கரை நோய்க்காரரின் குதிகால் புண்ணுக்கு விபத்தே தேவையில்லை.

ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது இருபத்தெட்டு, கான்ட்ராக்ட் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து சூளகிரிப் பக்கம் வீட்டுக்குப் பைக்கில் போகிறார். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வந்த டிப்பரின் பம்பர் வலது காலைத் தட்டுகிறது. கீழ்க்கால் எலும்பு, கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, இரண்டாக. அதன் மேல் இருந்த தோல், ஒரு உள்ளங்கை அளவுக்கு, சாலையோடு போய்விட்டது. நாடித்துடிப்பு பாதத்தில் இருக்கிறது, விரல்கள் அசைகின்றன. அதாவது கால் உயிரோடு இருக்கிறது, அதற்குச் சட்டைதான் இல்லை.

முதல் நாள் செய்ய வேண்டியதில் ரகசியம் எதுவுமில்லை. லிட்டர் லிட்டராக உப்புநீர் விட்டுக் கழுவுவது, செத்த சதையையும் மண் ஏறிய சதையையும் தயங்காமல் வெட்டி எறிவது, வெளியே கம்பிச் சட்டம் போட்டு எலும்பை நிறுத்துவது, ஆன்டிபயாடிக். பெரிய அறுவை நிபுணர்கள் பலரும் கடைசிவரை இளையவர்களிடம் விடாத வேலை இந்தக் கழுவல்தான். மேலே எவ்வளவு அழகான மடல் போட்டாலும், அடியில் ஒரு துண்டு செத்த சதை இருந்தால் அது சீழாக வெளியே வந்தே தீரும்.

பிறகு அந்த உள்ளங்கை அளவு வெற்றிடம். தோல் ஒட்டு போட்டால் என்ன? போடலாம், அடியில் சதை இருந்தால். ஒட்டப்பட்ட தோல் முதல் இரண்டு நாள் அடியிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சி உயிர் வாழ்கிறது, அதற்குப் பிறகுதான் ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. சந்தூர்க் குச்சியின் கதைதான். அடியில் இருப்பது மேலுறை உரிந்த எலும்பு என்றால் ஊறுவதற்கு நீருமில்லை, நுழைவதற்குக் குழாயுமில்லை. ஐந்தாம் நாள் டிரெஸ்ஸிங்கைப் பிரித்தால் தோல் அப்பளம் போலக் கையோடு வரும். திறந்து கிடக்கும் எலும்போ, காற்றுப்பட்டுக் காய்ந்து, மஞ்சளாகி, பிறகு கறுத்து, செப்டிக் ஆகும். எலும்புக்குள் போன சீழ் வருடக்கணக்கில் வடியும். முன்பெல்லாம் இந்த நிலையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவார்கள். எடுத்தது தவறு என்றும் சொல்ல முடியாது, வேறு வழி இருக்கவில்லை.

ஆக, தண்டோடு வரும் தோல் வேண்டும். தண்டோடு தோலைத் திருப்பிப் போடும் கலை உலகத்துக்குத் தெரியவந்த கதையில் இந்த மண்ணுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1790-லிருந்து 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஓசூர்க் கோட்டை 1791 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்கப் போனவர்கள் முடியாமல் திரும்பினார்கள். போர் முடிந்தபோது பாராமகால், அதாவது கிருஷ்ணகிரிப் பக்கம், கம்பெனிக்குப் போயிற்று. ஓசூர்ப் பக்கம் 1799 வரை மைசூரிடம் இருந்தது. எல்லைக்கோடு அன்று இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஓடியது. அந்தப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய மராட்டியர் ஒருவர் பெயர் கவாஸ்ஜி. மைசூர் மன்னர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். பிறகு புனேவுக்கு அருகில், செங்கல் சூளைக்காரர் சாதியைச் சேர்ந்த ஒரு வைத்தியர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் உடனிருந்து பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ அதைப் படத்தோடு வெளியிட்டது.

அந்த வைத்தியர் செய்தது இது. மெழுகைத் தட்டி மூக்கு வடிவம் செய்தார். அதைப் பிரித்து விரித்து நெற்றியில் வைத்துக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டின்படி தோலைக் கிளப்பினார், இரண்டு புருவங்களுக்கு நடுவில் ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார். தோலைத் திருப்பி மூக்குக்குழியின் மேல் இறக்கி, காசுக்கட்டியைக் குழைத்துப் பூசி ஒட்டினார். வெற்றிலைக்குப் போடும் அதே காசுக்கட்டி. ஏறக்குறைய இருபத்தைந்து நாள் கழித்து, புருவ நடுவில் விட்டிருந்த தண்டை அறுத்தார். நெருக்கு ஒட்டு, மனித முகத்தில். சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலைக்கொண்டு மூக்கு செய்யும் முறை இருக்கிறது, அது நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் பெருமை. எனக்கென்னவோ அந்தச் சூளைக்காரரின் கைதான் பெரிதாகத் தெரிகிறது. அவர் சுஸ்ருதரைப் படித்தவராகத் தெரியவில்லை, அப்பனிடமோ மாமனிடமோ பார்த்துக் கற்றவராக இருக்க வேண்டும். லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதைப் படித்துவிட்டு, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் முதல் ஆளுக்குச் செய்தார். அங்கிருந்துதான் ஐரோப்பாவில் இந்தக் கலை மறுபிறவி எடுத்தது.

முகத்துக்குச் சரி, ரத்தம் கொழிக்கும் இடம். காலுக்கு அந்த உபாயம் எளிதில் வரவில்லை. கால் தோலின் மடல், அகலத்தைவிட நீளமானால் நுனி கறுத்துவிடும் என்பதுதான் நீண்டகால அனுபவம். அதனால் ஒரு காலின் புண்ணுக்கு மறுகாலின் தோலைக் கொடுத்தார்கள். இரண்டு கால்களையும் குறுக்கே சேர்த்து மூன்று வாரம் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைப்பார்கள். சந்தூர்ப் பரணேதான், தொட்டிக்குப் பதில் ஆள். இன்றும் வேறு வழியில்லாதபோது செய்கிறார்கள், ஆனால் அந்த மூன்று வாரத்தை அனுபவித்தவரிடம் அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பது நல்லது.

1973-ல் ஆஸ்திரேலியாவில் டெய்லரும் டேனியலும், தண்டையும் அறுத்து எடுத்து, கணுக்காலில் இருக்கும் ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் தைத்துவிட்டார்கள். இடுப்புத் தோல் கணுக்காலுக்குப் போய் உயிர் பிழைத்தது. அபாரமான வேலை, இன்றும் பெரிய புண்களுக்கு அதுதான் முதல் தெரிவு. அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கத் தெரிந்தவர் வேண்டும், ஆறு ஏழு மணி நேரம் தியேட்டர் வேண்டும், நடுராத்திரியில் குழாய் அடைத்தால் மறுபடி திறக்க ஒரு குழு விழித்திருக்க வேண்டும். இவை நான்கும் எல்லா ஊரிலும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

இன்னொரு பாதையை ஸ்வீடன்காரர் பெங்ட் பொண்டேன் 1981-ல் திறந்தார். சதையைப் போர்த்தியிருக்கும் வெள்ளை உறை இருக்கிறதே, கறிக்கடையில் தோலை உரித்ததும் பளபளவென்று தெரியும் அந்தப் படலம், அதையும் தோலோடு சேர்த்துக் கிளப்பினார். கீழ்க்காலில் 23 மடல்கள். அகலத்தைப் போல இரண்டரை மூன்று மடங்கு நீளம் எடுத்தும் பிழைத்தன. படலத்தை ஒட்டி ஒரு ரத்தக் குழாய் வலை ஓடுகிறது, பழைய முறையில் அதை அடியிலேயே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். இரண்டே ஆண்டில், 1983-ல், டான்ஸ்கியும் ஃபோக்டெஸ்டாமும் கெண்டைக்கால் தோலைக் கீழ்ப்பக்கத் தண்டின் மேல் திருப்பிப் போட்டார்கள். ஏன் அது பிழைக்கிறது என்பதைப் பாரிஸின் அலேன் மாஸ்கெலேவும் தோழர்களும் 1992-ல் விளக்கினார்கள்.

விளக்கம் நரம்பில் இருந்தது. கெண்டைக்கால் சதையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒரு உணர்வு நரம்பு கிளம்பி, நடுக்காலில் படலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து, வெளிக்கணுவுக்குப் பின்னால் வளைந்து, பாதத்தின் வெளிவிளிம்புக்குப் போகிறது. பாதத்தின் சுண்டுவிரல் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தால் தெரிவிப்பது அதுதான். நரம்புக்கும் சாப்பாடு வேண்டுமே, அதற்காக ஒரு மெல்லிய தமனி கூடவே ஓடுகிறது. போகிற போக்கில் மேலே உள்ள தோலுக்கும் கொஞ்சம் ரத்தம் கொடுத்துக்கொண்டு போகிறது. அதுதான் மேலோட்டச் சூரல் தமனி. பக்கத்திலேயே ஒரு சிரை. மூன்றும் சேர்ந்து வாய்க்கால், வரப்பு, தடம் போல ஒரே போக்கில் இறங்குகின்றன. கீழே வெளிக்கணுவை நெருங்கும்போது, ஆழத்தில் ஓடும் இன்னொரு பெரிய தமனியின் கிளைகள் சதைகளுக்கு இடையில் ஊடுருவி வெளியே வந்து இந்த வலையோடு கைகோக்கின்றன. கடைசிக் கிளை வெளிக்கணு மொட்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் மேலே.

இனி சூட்சுமம். வாய்க்காலை மேலே மடையில் அடைத்துவிட்டால், கீழ்வாய்க்காலிலிருந்து நீர் எதிர்த்து ஏறுமா? கழனியில் ஏறாது. காலில் ஏறுகிறது. மேலே தமனியைக் கட்டி அறுத்துவிட்டால், கீழே கணுக்காலருகே உள்ள கிளைகளிலிருந்து ரத்தம் தலைகீழாக ஓடி மடலுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் கெண்டைக்காலின் நடுத் தோலை, கணுக்காலருகே ஒரு அச்சில் நிறுத்தி, கதவைப் போலக் கீழே திருப்பலாம். அது கீழ்க்காலின் கடைசி மூன்றிலொரு பங்கையும், கணுக்காலையும், குதிகாலையும் எட்டும். சதையே இல்லாத அந்த வால்பகுதிக்கு, சதைக்கு மேலிருந்து சட்டை கிடைத்துவிட்டது.

நம் இருபத்தெட்டு வயதுக்காரரை நாலாம் நாள் மறுபடி தியேட்டருக்கு எடுக்கிறார்கள். முதுகில் ஊசி, ஒருக்களித்துப் படுக்கை. ரத்த ஓட்டத்தைக் கேட்கும் சின்ன டாப்ளர் கருவியை வெளிக்கணுவுக்கு மேலே நகர்த்தினால் ‘ஷ்... ஷ்...’ என்று கேட்கிறது. கேட்ட இடத்தில் ஒரு புள்ளி. புண்ணின் மேல் கையுறை சுற்றிவந்த தாளை வைத்து, அளவுக்கு வெட்டுகிறார் மருத்துவர். அந்தத் தாளைப் புள்ளியில் விரலால் அழுத்திப் பிடித்து, மேலே கெண்டைக்காலுக்குத் திருப்பி, எட்டுகிறதா என்று இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஒத்திகை பார்க்கிறார். புனே வைத்தியரின் மெழுகு இங்கே காகிதமாகியிருக்கிறது, வேறு வித்தியாசம் இல்லை.

தொடையில் டூர்னிகே பட்டை ஏறுகிறது. வழக்கமாகக் காலைச் சுருட்டி ரத்தத்தையெல்லாம் பிழிந்துவிட்டு ஏற்றுவார்கள். இன்று பிழிவதில்லை, சிரையில் கொஞ்சம் ரத்தம் நின்றால்தான் நீலக்கோடாகக் கண்ணுக்குத் தெரியும். மேல்விளிம்பில் கத்தி இறங்குகிறது. தோல், மஞ்சள் கொழுப்பு, வெள்ளைப் படலம். அங்கே நரம்பு, வெள்ளை நூல்கண்டு போல. சிரை, தமனி. மூன்றையும் கட்டி அறுக்கிறார்கள். படலம் தோலிலிருந்து பிரிந்து நழுவாமல் இருக்க ஓரத்தில் நாலைந்து தையல். பிறகு கெண்டைச் சதையிலிருந்து மடலை உரித்துக்கொண்டே கீழே வருகிறார்கள். மடலுக்குக் கீழே தண்டு வரும் இடத்தில் தோலை இரண்டு பக்கமும் விலக்கி, மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொழுப்பையும் படலத்தையும் பட்டையாக விடுகிறார்கள். புதிதாகச் செய்பவர்கள் இந்தப் பட்டையை மெலிதாக்கி அழகு பார்க்க நினைப்பார்கள். அங்கேதான் மடல் சாகும். ரத்தம் ஒரே குழாயில் வருவதில்லை, வலையில் வருகிறது. வலையைக் கத்தரித்தால் வந்தது வராது.

புள்ளி வந்ததும் நிறுத்தம். டூர்னிகே பட்டையைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். தியேட்டரில் பேச்சு குறையும் நேரம் அது. மடலின் விளிம்பில் முதலில் எதுவும் இல்லை. பிறகு ஒரு பொட்டு ரத்தம், சிவப்பாக. கீழிருந்து மேலே, இயற்கைக்கு எதிர்த்திசையில் வந்த ரத்தம். அதைப் பார்த்த பிறகுதான் திருப்புகிறார்கள். கெண்டைக்காலில் உண்டான வெற்றிடத்தின் அடியில் நல்ல சதை இருக்கிறது, ஆகவே அங்கே தொடைத் தோலைச் சீவி ஒட்டினால் போதும். தேவையில்லாத இடத்தில் ஒட்டு, தேவையான இடத்தில் மடல். ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை.

முடிந்தது என்று நினைப்பவர்கள் உறவினர்கள் மட்டும். இனிதான் மூன்று இரவுகள் இருக்கின்றன. ரத்தம் உள்ளே வந்துவிடுகிறது, வெளியே போவதுதான் பிரச்சினை. சிரைகளுக்குள் வால்வுகள் உண்டு, ஒருவழிப் பாதை. மடலைத் தலைகீழாக்கியதும் எல்லா வால்வும் எதிராகிவிடுகின்றன. ரத்தம் பக்கத்துச் சந்துகளில் நுழைந்து வால்வைச் சுற்றிக்கொண்டு போகப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மடல் வீங்கும், நிறம் மாறும். பாடப்புத்தகம் சொல்கிறது: அழுத்தினால் வெளுத்து, விட்டால் இரண்டு வினாடியில் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெள்ளைத் தோலை வைத்து எழுதிய புத்தகம். நம் ஊர்க் கெண்டைக்காலில் இளஞ்சிவப்பை எங்கே தேடுவது? அதனால் நம் வார்டுகளில் புறங்கையால் சூடு பார்ப்பார்கள், டார்ச் அடித்து விளிம்பைப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் ஊசியால் ஒரு குத்து. செக்கச்செவேலென்று வந்தால் நிம்மதி. கறுத்த ரத்தம் குபுக்கென்று வந்தால் சிரை அடைப்பு. எதுவுமே வராவிட்டால் தமனியே போயிற்று.

சிரை அடைத்தால் முதலில் தையலை அவிழ்ப்பார்கள், தண்டின் மேல் இறுக்கும் கட்டைத் தளர்த்துவார்கள். அட்டை விடுவதும் உண்டு, உண்மையான அட்டைதான். சுஸ்ருதர் ஒரு அத்தியாயமே அதற்கு ஒதுக்கியிருக்கிறார், சித்த மருத்துவத்திலும் அட்டை விடல் இருக்கிறது, அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2004-ல் அதை மருத்துவ சாதனமாக அனுமதித்தது. அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் காக்கும் பொருள் இருக்கிறது. அது விழுந்த பிறகும் கடிவாயில் மணிக்கணக்கில் ரத்தம் கசியும், அந்தக் கசிவுதான் மருந்து. அட்டையின் குடலில் இருக்கும் கிருமிக்காக ஆன்டிபயாடிக்கும் கூடவே கொடுக்க வேண்டும் என்பது பழைய நூல்களுக்குத் தெரியாத செய்தி.

இவற்றையெல்லாம்விடக் கடினம் பீடி. புகையிலையின் நிகோட்டின் மெல்லிய தமனிகளைச் சுருக்குகிறது, நம் மடல் உயிர் வாழ்வதோ மெல்லிய தமனிகளை நம்பி. “அண்ணா, ஒண்ணுகூடக் கூடாது, பாத்ரூம்லயும் கூடாது” என்று நர்ஸ் சொன்னால், “இல்ல சிஸ்டர், வாசனைக்குத்தான்” என்று பதில் வரும். அதே அறிவுரையைப் பக்கத்துப் படுக்கைக்குத் தெலுங்கிலும், எதிர்ப் படுக்கைக்குக் கன்னடத்திலும், ஜன்னலோரப் படுக்கைக்கு அரைகுறை இந்தியிலும் சொல்ல வேண்டிய ஊர் ஓசூர். கெண்டைக்காலும் குதிகாலும் மெத்தையில் அழுந்தக் கூடாது என்பதை எந்த மொழியிலும் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மருத்துவர்கள் தந்திரமாக, எலும்புக்குப் போட்ட கம்பிச் சட்டத்திலேயே ஒரு கயிறு கட்டிக் காலை அந்தரத்தில் தொங்கவிட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் இருபத்தெட்டு வயதுக்கு. ஜெர்மனியில் பவ்மைஸ்டர் குழு 2003-ல் தங்கள் 70 மடல்களின் கணக்கை ஒளிக்காமல் வெளியிட்டது. பெரும்பாலும் சர்க்கரை, ரத்தக் குழாய் அடைப்பு போன்ற நோய்களோடு வந்தவர்கள். 36 சதவீதத்தில் மடல் பாதியோ முழுதோ கருகியிருந்தது. இந்த அறுவையைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் பயனுள்ள கட்டுரை அதுதான். நல்ல ரத்த ஓட்டமுள்ள இளைஞரிடம் கிடைத்த வெற்றியை எடுத்துக்கொண்டு, பதினைந்து வருடச் சர்க்கரை நோயாளியின் குதிகால் புண்ணுக்கு அப்படியே போனால் என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு உபாயம் உண்டு. முதல் நாள் மடலின் விளிம்புகளை மட்டும் வெட்டி, கிளப்பாமல் மறுபடி தைத்துவிடுவார்கள். ஏழு பத்து நாள் பட்டினி போட்டால், கீழ்ப்பக்கக் குழாய்கள் தாமாகவே விரிந்து பொறுப்பேற்கும். பிறகு கிளப்பினால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். நெருக்கு ஒட்டிலும் சிலர் தாய்க்கிளையை ஒரேயடியாக அறுக்காமல், முதலில் பாதி வெட்டு, சில நாள் கழித்து மீதி என்று பழக்குவார்கள். காரணம் ஒன்றுதான்.

நாள் கணக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் மார்கோ கோடினா 532 நோயாளிகளின் கணக்கை வைத்திருந்தார். மைக்ராஸ்கோப் மடல்கள்தான், ஆனால் பாடம் பொது. அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் மடல் தோற்றது 0.75 சதவீதம், சீழ் பிடித்தது 1.5 சதவீதம். மூன்று நாளைத் தாண்டி மூன்று மாதத்துக்குள் மூடியவர்களில் தோல்வி 12 சதவீதம், சீழ் 17.5 சதவீதம். கட்டுரை 1986-ல் வெளிவந்தது. அதே ஆண்டு கோடினா கார் விபத்தில் இறந்துபோனார். விபத்தில் சிதைந்த கால்களை மீட்டுக்கொண்டிருந்தவர்.

ஓசூரில் அந்த மூன்று நாள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பெங்களூரு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஜூஜுவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அங்கே ஓடுவது குடும்பங்களின் முதல் யோசனை. பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி. அட்வான்ஸ் கேட்டதும் அடுத்த ஆஸ்பத்திரி, பிறகு மாநிலக் காப்பீட்டு அட்டையைத் தேடி மறுபடி இந்தப் பக்கம், அங்கிருந்து சேலமோ வேலூரோ. ஒவ்வொரு வாசலிலும் கட்டைப் பிரித்துப் பார்த்து மறுபடி கட்டுவார்கள். எலும்பு வெளியே, நாள் நாலு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது, அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வரும் ஊருக்கு அது பெரிய ஆறுதல். உயிர் அந்த 48 மணி நேரத்தில் பிழைக்கிறது. கால் பிழைப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் 49-ஆம் மணியிலிருந்துதான் தீர்மானமாகிறது.

எந்தக் காலைக் காப்பது, எதை எடுத்துவிடுவது என்ற கேள்விக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பதில் வந்தது. கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் ராஜசேகரனும் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் ராஜா சபாபதியும் ஒரே நோயாளியை ஒரே நேரத்தில் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தியவர்கள். அங்கிருந்து 2006-ல் வெளியான மதிப்பெண் முறை, மூடும் தோல், எலும்பு, சதை-நாண் மூன்றுக்கும் தனித்தனியே ஒன்றிலிருந்து ஐந்து வரை போட்டு, நோயாளியின் வயது, சர்க்கரை, தாமதம் போன்றவற்றுக்குத் தலா இரண்டு கூட்டுகிறது. 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காக்கலாம். 17-ம் மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் உள்ள இரண்டு எண்களில் மருத்துவர் யோசிக்க வேண்டும். வெளிநாட்டு மதிப்பெண் முறைகள் பலவும் ரத்தக் குழாய் அறுந்த கால்களை மனதில் வைத்தவை. நம் சாலையில் அதிகம் வருவது குழாய் நன்றாக இருந்து தோலும் எலும்பும் போன கால்கள். அவற்றுக்காகவே எழுதப்பட்ட முறை இது, வெளிநாட்டவரும் எடுத்தாள்கிறார்கள்.

கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில், போலுப்பள்ளியில், சொந்தமாக ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. சூரல் மடல் இப்படிப்பட்ட இடங்களுக்காகவே பிறந்தது போலத் தோன்றும். மைக்ராஸ்கோப் வேண்டாம், கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி போதும். தினமும் எலும்பில் கைவைக்கும் மருத்துவர் பொறுமையாகப் பழகினால் கற்றுக்கொள்ளலாம். இங்கே எனக்கு ஒரு பயமும் உண்டு. கையில் சுத்தியல் மட்டும் இருப்பவர்க்கு எல்லாம் ஆணியாகத் தெரியும். கால் முழுக்க உரிந்த புண்ணுக்கு இது போதாது. வெளிக்கணுப் பக்கமே நசுங்கியிருந்தால், தண்டு நிற்க வேண்டிய இடம் செத்திருக்கும், தொடவே கூடாது. அப்படிப்பட்ட நோயாளிகளை முதல் நாளே, கட்டைப் பிரிக்காமல், மைக்ராஸ்கோப் இருக்கும் ஊருக்கு அனுப்பத் தெரிந்திருப்பதும் இந்த மடலைக் கற்பதில் ஒரு பாகம்.

நம் ஆள் பிழைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மடலின் நுனியில் ஒரு ரூபாய் அளவு கறுத்து உதிர்ந்து, டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிவிட்டது. எலும்பு சேர எட்டு மாதம். பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போயிருக்கிறது, அறுத்த நரம்பின் விலை அது. வருடம் போகப் போக மரத்த இடம் சுருங்கும், முழுதாகப் போகாது. இரவில் படுக்கும் முன் பாதத்தைத் திருப்பி முள், கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கெண்டைக்காலில் ஒட்டுத் தோலின் பள்ளம், வெயில் காலத்தில் அரிக்கிறது. கணுக்காலுக்கு மேலே கெண்டைக்கால் முடி முளைக்கிறது. இடம் மாறியது தோலுக்குத் தெரியாது, அது இன்னும் தன்னைக் கெண்டைக்கால் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆள் சதை போட்டால் அதுவும் கூடவே கொழுக்கும். அதனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வந்த சிக்கல் ஷூவில். சேஃப்டி ஷூ இடது காலுக்கு எட்டாம் நம்பர் சரியாக இருக்கிறது, வலது காலில் கணுவுக்கு மேல் மடல் புடைத்து லேஸ் கட்ட முடியவில்லை. ஸ்டோரில் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். ஒன்பதாம் நம்பர் ஒரு ஜோடி வாங்கி, இடது காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு லைனுக்குப் போகிறார். கொழுப்பைக் குறைக்கும் சின்ன அறுவை ஒன்று இருக்கிறது, அடுத்த லீவு சேர்ந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.